போதை ஊசிப் பழக்கம் இருந்தவருக்கு ட்ரிப்ஸ் ஏற்றும்போது: வார்டு செவிலியருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"இடது கை வேண்டாம் சிஸ்டர், அதில் ஒன்றும் மிச்சமில்லை. வலது முழங்கைக்குக் கீழே, பின்பக்கம் ஒன்று இருக்கிறது. அதைப் பாருங்கள்."

நான் பணியில் சேர்ந்த இரண்டாம் ஆண்டில், ஒரு நைட் டியூட்டியில், ஓர் இளைஞன் என்னிடம் சொன்னது இது. கடலூர்க் கடலோரத்துப் பையன். அப்பாவோடு படகில் போகிறவன். காய்ச்சல், மூச்சிரைப்பு என்று சேர்த்திருந்தார்கள். கேஸ் ஷீட்டில் 'ஊசிப் பழக்கம்' என்று எழுதியிருந்தது. அதைப் படித்த பிறகு அவன் பேச்சு எதுவும் என் காதில் ஏறவில்லை. "எங்கே போடுவதென்று எனக்குத் தெரியும், கையை நீட்டு" என்றேன். இடது கையில் நான்கு முறை குத்தினேன், வலது புறங்கையில் ஒரு முறை. ஆறாவது முறை அவன் காட்டிய இடத்துக்கே வந்தேன். உடனே ரத்தம் காட்டியது. "அதைத்தானே சிஸ்டர் முதலில் சொன்னேன்" என்றான். குரலில் கோபமே இல்லை. கோபப்படும் உரிமை தனக்கில்லை என்று அவன் எண்ணியிருந்தான் என்பது எனக்குப் புரிய வெகுநாள் ஆயிற்று. மறுநாள் விடியற்காலையில், நரம்பில் போட்டிருந்த வென்ஃப்ளான் குழாயோடு, யாரிடமும் சொல்லாமல் போய்விட்டான்.

கடலூர், சிதம்பரம், பண்ருட்டி, புதுச்சேரி மருத்துவமனைகளில் புதிதாகச் சேரும் தங்கைகளும் தம்பிகளும் நான் செய்ததைச் செய்யக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். நரம்பு கண்டுபிடிக்கும் கைத்திறன் இதில் பாதி வேலைதான். அந்த நரம்பைப் பற்றி நம்மைவிட அதிகம் தெரிந்தவர் கட்டிலில் படுத்திருக்கிறார், அவரிடம் கேட்க வேண்டும். மீதிப் பாதி அதுதான்.

பாடப்புத்தகம் 'சிரை' என்று சொல்வதை வார்டில் நாமும் நோயாளியும் 'நரம்பு' என்றே சொல்கிறோம். இங்கும் அப்படியே எழுதுகிறேன்.

கைக்கு என்ன நேர்ந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

நம் பக்கத்தில் ஊசிப் பழக்கத்தோடு வருகிறவர்களில் பலர் வலி நிவாரணி மாத்திரைகளைக் கரைத்து ஏற்றிக்கொண்டவர்கள். டேபென்டடால் என்ற பெயரைச் செய்தித்தாளில் நீங்களே பார்த்திருப்பீர்கள். பென்டசோசின், புப்ரினார்பின் ஊசிகளைப் பயன்படுத்தியவர்களும் வருகிறார்கள். வாயில் போட்டு விழுங்குவதற்காகச் செய்த மாத்திரையில் மருந்தோடு டால்க் பவுடர், மாவுப்பொருள், செல்லுலோஸ் எல்லாம் கலந்திருக்கும். அவை நீரில் முழுதாகக் கரையாமல் நரம்பின் உள்சுவரை உரசிப் புண்ணாக்கும். ரத்தம் உறையும், நரம்பு தழும்பேறி மூடிக்கொள்ளும். துகள்கள் நுரையீரலின் நுண்குழாய்கள்வரை போய் அடைத்துக்கொள்வதும் உண்டு. மூச்சிரைப்புக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பதை மறக்காதீர்கள். பென்டசோசின் வேறு மாதிரி: தொடர்ந்து குத்திய இடத்தில் தோலும் தசையும் மரக்கட்டைபோல் இறுகிப்போகும்.

ஆகவே உங்கள் முன் நீட்டப்படும் கையில் பச்சையாக ஒரு கோடு தெரிந்தாலும் அது உயிரோடு இருக்கும் நரம்பு என்று நம்பிவிடாதீர்கள். விரலால் அழுத்திப் பாருங்கள். நல்ல நரம்பு பந்துபோல் அமுங்கி எழும்பும். அடைபட்ட நரம்பு சணல் கயிறுபோல் உருளும், அமுங்காது. கண்ணைவிட விரலை நம்புங்கள்.

போடுவதற்கு முன்: இந்த ஊசி தேவைதானா?

அவசரமில்லாத நேரத்தில் டியூட்டி டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்: இதை மாத்திரையாகக் கொடுக்க முடியுமா? வாந்தி இல்லாமல், நன்றாக விழுங்க முடிகிற ஒருவருக்குப் பழக்கத்தால் மட்டுமே எழுதப்பட்ட ட்ரிப்ஸ்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நரம்பு மிச்சமில்லாதவருக்கு ஒவ்வொரு குத்தும் விலையுயர்ந்தது.

தேவைதான் என்றால், எத்தனை நாள் என்று கேளுங்கள். ஊசிப் பழக்கம் இருந்தவருக்குக் காய்ச்சலும் மூச்சிரைப்பும் சேர்ந்து வந்தால் இதய வால்வில் தொற்று இருக்கிறதா என்று டாக்டர்கள் தேடுவார்கள். பெரும்பாலும் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி, பெரும்பாலும் இதயத்தின் வலப்பக்க வால்வு. உறுதியானால் ஆன்டிபயாடிக் பல வாரங்கள் போகும். 4 முதல் 6 வாரம் என்பது வழக்கமான கணக்கு. அத்தனை நாளும் வென்ஃப்ளானை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தால் மூன்றாம் வாரத்தில் குத்த இடமே இருக்காது. மேல்கையிலிருந்து உள்ளே செல்லும் நீண்ட குழாய் தேவையா என்ற பேச்சை முதல் நாளிலேயே தொடங்குங்கள். எல்லா நரம்பும் உடைந்த பிறகு தொடங்கினால் அந்தக் குழாயைப் போடுவதும் கடினமாகிவிடும்.

உட்கார்ந்து பேசுங்கள்

இந்தப் படியை அவசரத்தில் தாண்டிப் போய்விடுகிறோம். நான் அதிகம் வலியுறுத்துவதும் இதைத்தான்.

நாற்காலியோ ஸ்டூலோ இழுத்துப் போட்டு அவர் கண் மட்டத்துக்கு உட்காருங்கள். உங்கள் பெயரைச் சொல்லுங்கள். 'தம்பி' என்று அழைத்தாலும் 'நீங்கள்' என்று பேசலாம். நம் ஊரில் அது இயல்பானதே. பெரியவர் என்றால் 'ஐயா', பெண் என்றால் 'அம்மா' அல்லது 'அக்கா'. பெண்களிலும் ஊசிப் பழக்கம் இருக்கிறது. அவர்களுடைய வெட்கம் ஆண்களுடையதைவிடப் பல மடங்கு. குழந்தையைப் பிரித்துவிடுவார்களோ என்ற பயம் வேறு. திரையை இழுத்துவிட்டுக் கூடுதலாக ஐந்து நிமிடம் கொடுங்கள்.

அடுத்த சிக்கல் கூட இருப்பவர்கள். அம்மாவோ மனைவியோ பக்கத்திலேயே நிற்பார்கள். அவர்களுக்கு எல்லாம் தெரியும் என்று எண்ணிவிடக் கூடாது. நான் கடைப்பிடிக்கும் வழி ஒன்று உண்டு. "அம்மா, கேன்டீனில் பிளாஸ்க் நிறைய வெந்நீர் வாங்கி வருகிறீர்களா? தம்பி கைக்கு ஒத்தடம் கொடுக்க வேண்டும்" என்பேன். அவர் போய்வர ஏழெட்டு நிமிடம் ஆகும். அதற்குள் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடலாம். வெந்நீரும் உண்மையாகவே தேவைப்படும். எதற்கென்று கீழே சொல்கிறேன்.

கேட்க வேண்டியவை இவை. எந்த இடத்தில் நரம்பு எளிதாகக் கிடைக்கும்? எந்த இடத்தை நான் தொடவே கூடாது? கடைசியாக என்ன எடுத்தீர்கள், எப்போது? இப்போது விட்டுவிட்டீர்கள் என்றால் எவ்வளவு நாளாகிறது? டூர்னிக்கே என்ற ரப்பர் பட்டையைக் கட்டுவதும் ஸ்பிரிட் வாசனையும் பழைய நினைப்பைக் கிளப்புமா?

கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. பழக்கத்தை விட்டு இரண்டு ஆண்டுகளான ஒருவர், குடல்வால் அறுவைக்கு வந்தவர், ரப்பர் பட்டை தோளுக்குக் கீழே இறுகிய கணத்தில் வியர்த்து நடுங்கியதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஊசி இன்னும் உறையைவிட்டு வெளியே வரவில்லை. அவர் உடம்பு அந்த இறுக்கத்தை நினைவு வைத்திருந்தது. பட்டையை அவிழ்த்துவிட்டு, பிளட் பிரஷர் கருவியின் துணிப்பட்டையைச் சட்டைக் கை மேலேயே சுற்றி, டயஸ்டாலிக் அளவுக்கு, அதாவது பிரஷரின் கீழ் எண்ணுக்கு, சற்றுக் கீழே காற்றேற்றினோம். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்ளச் சொன்னோம். வேலை முடிந்தது. சிலருக்கு இதற்கு நேர்மாறாக, நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தால்தான் நிம்மதி. எது வேண்டும் என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

சொல்லக் கூடாத ஒரு வாக்கியமும் உண்டு: "தினமும் நீயே குத்திக்கொண்டவன்தானே, இதற்கு மட்டும் என்ன பயம்?" இதை எல்லா வார்டிலும் கேட்டிருக்கிறேன், நானும் சொல்லியிருக்கிறேன். இது கொடுமை என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், மருத்துவப்படியே தவறு. ஓபியாய்டு எனப்படும் அபின் வகை மருந்துகளை நெடுநாள் எடுத்த உடம்பில் வலி உணர்வு கூடிப்போகும். நமக்கு எறும்புக்கடிபோல் தெரிவது அவருக்குத் தேள் கொட்டியதுபோல் இருக்கலாம். தழும்பேறிய தோலில் ஊசி இறங்குவதே வேதனை. அவசரமில்லை என்றால் மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெயின் – பிரிலோகெயின் கிரீமைத் தடவி மூடி, ஒரு மணி நேரம் கழித்துப் போடலாம். குழந்தைகள் வார்டில் அந்த டியூப் இருக்கும், கேட்டு வாங்குங்கள்.

ஷிப்ட் மாறும்போது ஹேண்டோவரில் 'அடிக்ட்', 'ஊசி கேஸ்', '12ஆம் பெட் போதை' என்று சொல்வதையும் நிறுத்துங்கள். 'ஓபியாய்டு ஊசிப் பழக்கம் இருந்தவர், கடைசியாக எடுத்தது நேற்று இரவு' என்று சொன்னால் அடுத்த ஷிப்டுக்குப் பயன்படும். மற்றதெல்லாம் அவர் காதில் விழுந்து காயமாக மட்டுமே தங்கும்.

கையைப் பார்ப்பது

நல்ல வெளிச்சத்தில் இரண்டு கைகளையும் தோள்வரை பாருங்கள். சீழ்க்கட்டி, சிவந்து சூடாக இருக்கும் இடம், ஆறாத புண் இவற்றின் அருகே குத்தாதீர்கள். கண்டால் டாக்டரிடம் காட்டி, டெட்டனஸ் ஊசி போட வேண்டுமா என்றும் கேளுங்கள். தொடையிடுக்கிலோ முழங்கை மடிப்பிலோ துடிக்கும் கட்டி இருந்தால் அழுத்தவே கூடாது. அது சீழாக இல்லாமல் ரத்தக்குழாய்ச் சுவர் உடைந்து உப்பியதாக இருக்கலாம்; கீறினால் ரத்தம் பீறிடும்.

முழங்கை மடிப்பும் புறங்கையும் பெரும்பாலும் தீர்ந்துபோயிருக்கும். முன்கையின் பின்பக்கம், மேல்கையின் உள்பக்கம், கட்டைவிரல் பக்க மணிக்கட்டுக்குச் சற்று மேலே தேடுங்கள். மணிக்கட்டிலேயே குத்த வேண்டாம்; அங்கே உண்மையான நரம்பே, அதாவது உணர்ச்சி நரம்பே, அருகில் ஓடுகிறது. பெரியவர்களுக்குக் காலில் போடுவது ரத்தம் உறையவும் தொற்று வரவும் வழி செய்யும்; சர்க்கரை நோயாளிக்கு நிச்சயம் வேண்டாம். கழுத்து நரம்பில் போடுவது டாக்டருடைய வேலை.

படகுத் தொழில் செய்கிறவர் என்றால் எந்தக் கை வலை இழுக்கும் கை என்று கேட்டு, முடிந்தவரை மற்றக் கையில் போடுங்கள். உப்பும் வெயிலும் பட்ட தோல் தடித்திருக்கும். ஊசி ஒரு தடையைத் தாண்டி 'தொப்'பென்று உள்ளே இறங்கும். அதற்குக் கையைத் தயாராக வைத்திருங்கள்.

குத்துவது

அம்மா கொண்டுவந்த வெந்நீரில் துண்டை நனைத்துப் பிழிந்து, முதலில் உங்கள் மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துச் சூடு பாருங்கள். பிறகு அவர் முன்கையில் சுற்றி, மேலே ஒரு பிளாஸ்டிக் தாளைப் போர்த்திப் பத்து நிமிடம் விடுங்கள். கை கட்டிலுக்குக் கீழே தொங்கட்டும். குடிக்க அனுமதி இருந்தால் இரண்டு டம்ளர் தண்ணீர் கொடுங்கள். வறண்ட உடம்பில் எழும்பாத நரம்பு இந்தப் பத்து நிமிடத்தில் எழும்பிவருவதை நீங்களே காண்பீர்கள். அறைந்து அறைந்து நரம்பை எழுப்பும் பழக்கம் வேண்டாம். வலியில் நரம்பு சுருங்கும், அவரும் சுருங்குவார்.

தேவையானதை எல்லாம் தட்டில் எடுத்து வைத்த பிறகுதான் பட்டையைக் கட்ட வேண்டும். குத்தும் இடத்துக்கு நான்கைந்து விரற்கடை மேலே கட்டுங்கள்; ஒரு நிமிடத்துக்குள் முடியவில்லை என்றால் அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டுங்கள். மென்மையான நரம்புக்கு இறுகக் கட்டினால் குத்தியவுடன் உடைந்துவிடும்.

மருந்துக்கும் சாதாரண ட்ரிப்ஸுக்கும் நீல நிற 22 எண் ஊசி போதும் (எண் கூடினால் ஊசி மெலியும்). ரத்தம் ஏற்ற வேண்டும் என்றால் இளஞ்சிவப்பு 20. பெரிய ஊசி போட்டால்தான் திறமை என்ற எண்ணம் நம்மிடம் இருக்கிறது. இந்தக் கைகளில் அது நரம்பைக் கொல்லும். உயிர் போகும் அவசரத்தில் பச்சை 18 வேண்டும் என்பது வேறு கணக்கு. அப்போதும் நரம்பு கிடைக்காவிட்டால் எலும்பு வழியே ஏற்றும் முறை இருக்கிறது. டாக்டரிடம் அதைச் சொல்லத் தயங்காதீர்கள்.

குளோர்ஹெக்சிடின் கலந்த ஸ்பிரிட்டால் 30 விநாடி தேய்த்து, முழுதாகக் காயவிடுங்கள். கடலூர், புதுவைக் காற்றின் ஈரத்தில் காய்வதற்கு நேரம் அதிகம் பிடிக்கும், ஊதிக் காயவைக்காதீர்கள். நரம்பு தெரியவில்லை என்று கையுறையின் விரல் நுனியைக் கிழித்துக்கொண்டு தடவும் வழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். துடைத்து முடித்த இடத்தைத் திரும்பத் தொடுவது அவருக்கு ஆபத்து, கிழிந்த உறை உங்களுக்கு ஆபத்து.

தோலை இடது கட்டைவிரலால் கீழ்நோக்கி இழுத்துப் பிடியுங்கள். தழும்பேறிய நரம்பு இடம் மாறி ஓடும். 10 முதல் 15 டிகிரி சாய்வில், மெதுவாக நுழையுங்கள். பாதி அடைபட்ட நரம்பில் ரத்தம் உடனே காட்டாது. இரண்டு மூன்று விநாடி அசையாமல் காத்திருங்கள். இல்லை என்று எண்ணி மேலும் தள்ளுவதால்தான் பின்சுவர் கிழிகிறது. ரத்தம் வந்ததும் ஊசியை இன்னும் தாழ்த்தி, 2 மில்லிமீட்டர் உள்ளே செலுத்தி, அதன் பிறகு குழாயை மட்டும் வழுக்கி உள்ளே அனுப்புங்கள். வெளியே இழுத்த ஊசியைத் திரும்பக் குழாய்க்குள் செருகக் கூடாது. குழாய் நுனி வெட்டுப்பட்டு ரத்தத்தோடு போய்விடும். பட்டையை அவிழ்த்து, ஊசியை எடுத்து, சலைன் ஏற்றிப் பாருங்கள். கை வீங்குகிறதா, எரிகிறதா என்று அவரிடமே கேளுங்கள்.

"நானே போட்டுக்கொள்கிறேன் சிஸ்டர்" என்று சிலர் சொல்வார்கள். அதற்கு அனுமதிக்க முடியாது. ஆனால் அதைக் கேட்டு முகம் சுளிக்காதீர்கள். வேதனையைத் தவிர்க்கத்தான் அப்படிச் சொல்கிறார். "போடுவது நான்தான். இடத்தை நீங்கள் காட்டுங்கள், நரம்பு எந்தப் பக்கம் வளைகிறது என்று சொல்லுங்கள்" என்றேன் ஒருவரிடம். விரலால் தோலின் மேல் ஒரு கோடு வரைந்து, பாதியில் நிறுத்தி, "இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது, இதற்கு முன்பே நின்றுவிடுங்கள்" என்றார். எந்தக் கருவியும் எனக்கு அவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

ஒருவர் இரண்டு முறைக்கு மேல் குத்தக் கூடாது. இரண்டும் தவறினால் மன்னிப்புக் கேட்டுவிட்டு, மூத்தவரை அழையுங்கள். அவருக்கும் இரண்டு முறைதான். நான்குக்குப் பிறகு நிறுத்திவிட்டு, மயக்கவியல் டாக்டரையோ அல்ட்ராசவுண்ட் பார்த்துப் போடத் தெரிந்தவரையோ கேளுங்கள். புதுச்சேரி ஜிப்மர் போன்ற பெரிய மருத்துவமனைகளில் அந்த வசதி உண்டு. சிறிய நர்சிங் ஹோமில் இருக்கிறீர்கள் என்றால் நோயாளியை அனுப்ப வேண்டுமா என்ற முடிவைச் சீக்கிரம் எடுக்கச் சொல்லுங்கள்.

போட்ட பிறகு

ஒளி ஊடுருவும் ஒட்டுப்பட்டை போடுங்கள். குத்திய இடம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். வியர்வையில் பிளாஸ்டர் கழன்றுவிடும் என்பதால் ஒட்டும் முன் சுற்றிலும் நன்றாகத் துடைத்துக் காயவிடுங்கள். குழாயை ஒரு வளைவாக்கி இரண்டாம் பட்டையால் பிடித்துவையுங்கள். தேதியும் நேரமும் எழுதுங்கள். ஒவ்வொரு ஷிப்டிலும் தொட்டுப் பாருங்கள். சிவப்பு, வலி, இறுக்கம் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

இந்த நரம்பில் மருந்தை அவசரமாகத் தள்ளாதீர்கள். வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக்குக்குக் குறைந்தது ஒரு மணி நேரம். பொட்டாசியம் கலந்த ட்ரிப்ஸ் எரியும். எரிகிறது என்று அவர் சொன்னால் நடிப்பு என்று எடுத்துக்கொள்ளாமல் வேகத்தைக் குறையுங்கள்.

கேஸ் ஷீட்டில் ஒரு வரி எழுதுங்கள்: 'வலது முன்கை பின்பக்கம், 22, நோயாளி காட்டிய இடம், முதல் முயற்சி.' அடுத்த முறை இன்னொரு தங்கை ஐந்து முறை குத்தாமல் இருக்க இந்த ஒரு வரி போதும்.

அந்த வென்ஃப்ளானைத் தவறாகப் பயன்படுத்துவாரோ?

எல்லோர் மனதிலும் உள்ள பயம் இது. மறைத்துவைத்துப் பார்வையாலேயே விசாரிக்கிறோம். பையைத் திருட்டுத்தனமாகச் சோதிக்கிறோம், கழிவறைக்குப் போனால் கதவருகே நிற்கிறோம். அதைவிட நேராகச் சொல்வது நல்லது: "இந்தக் குழாய் நேராக ரத்தத்துக்குள் போகிறது. இதில் வேறு எது போனாலும் இதயத்துக்குக் கிருமி போகும். உடம்பு கேட்கத் தொடங்கினால் என்னிடம் சொல்லுங்கள், டாக்டரிடம் பேசி மருந்து வாங்கித் தருகிறேன்." சொன்னபடி வாங்கித் தரவும் வேண்டும்.

என் அனுபவத்தில், வார்டைவிட்டு ஓடுகிறவர்களில் பலர் திமிரால் ஓடுவதில்லை. உடம்பு தாங்காமல் ஓடுகிறார்கள். ஹெராயின்போன்ற மருந்தானால் கடைசியாக எடுத்து 8 முதல் 12 மணி நேரத்தில், மருந்து கிடைக்காததால் வரும் விடுபடல் துன்பம் தொடங்கும். கொட்டாவி, மூக்கிலும் கண்ணிலும் நீர், புல்லரிப்பு, வியர்வை, வயிற்று முறுக்கல், பேதி, விரிந்த கண்பாவை. இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும். முதலில் சொன்ன அந்தப் படகுப் பையன் மறுநாள் விடியற்காலையில் போனது ஏன் என்று இப்போது எனக்குத் தெரிகிறது. அன்று இரவெல்லாம் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான். தூக்கம் போலும் என்று எண்ணிக்கொண்டேன்.

இந்த அறிகுறிகளைக் கண்டதும் டாக்டரிடமும் மனநலப் பிரிவிலும் சொல்லுங்கள். பழக்கத்துக்குச் சிகிச்சையாக ஏற்கனவே புப்ரினார்பின் மாத்திரை வாங்கிவருகிறவர் என்றால், வார்டில் சேர்ந்த காரணத்துக்காக அது நிற்கக் கூடாது. அந்த மாத்திரை வலிக்கான மருந்தாகக் கணக்கில் வராது. வலிக்குத் தனியாகக் கொடுக்க வேண்டும், வழக்கமான அளவு போதாமலும் போகலாம். இன்னொன்றைத் தடித்த எழுத்தில் எழுதிவைக்கத் தோன்றுகிறது: நம் ஊரில் வலிக்குச் சட்டென்று எழுதும் பென்டசோசின் ஊசி, ஓபியாய்டில் பழகிய உடம்பில் சில நிமிடங்களில் கடுமையான விடுபடல் துன்பத்தைக் கிளப்பிவிடும். ஆர்டர் ஷீட்டில் கண்டால் போடுமுன் டாக்டரைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

மயங்கிச் சரிந்து, கண்பாவை ஊசிமுனையாகி, மூச்சு நிமிடத்துக்கு 12க்குக் கீழே போனால் விசாரணை எல்லாம் பிறகு. மூச்சுப்பாதை, மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பேக், ஆக்சிஜன், டாக்டர். ஓபியாய்டை முறிக்கும் நாலாக்சோன் ஆம்பியூலை நீர்க்கச் செய்து சிறிது சிறிதாகக் கொடுக்கச் சொல்வார்கள். மூச்சு சீராவதே குறி, முழுதாக எழுப்பி உட்காரவைக்கத் தேவையில்லை. அதன் வேலை ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரத்தில் குறைந்துவிடும். உடம்பில் இருக்கும் போதை மருந்து அதைவிட நெடுநேரம் நிற்கும். எழுந்து பேசுகிறாரே என்று விட்டுப் போய்விடாதீர்கள்.

இதோடு மதுவும் சேர்ந்திருப்பது நம் பக்கத்தில், குறிப்பாகப் புதுச்சேரியில், சாதாரணம். நாள்பட்ட குடி உள்ளவருக்குக் குளுக்கோஸ் ட்ரிப்ஸைத் தொடங்குமுன் தயமின் (வைட்டமின் பி1) ஊசி போனதா என்று பாருங்கள். போகாமல் குளுக்கோஸ் மட்டும் ஏறினால் மூளை பாதிக்கப்படலாம்.

உங்களைக் காத்துக்கொள்வது

பாதுகாப்பு எல்லா நோயாளிக்கும் ஒன்றே. இவருக்கு மட்டும் இரண்டு கையுறை, கட்டிலில் சிவப்பு அட்டை என்பது பாதுகாப்பில் சேராது. அது முத்திரை குத்துவது. எச்.ஐ.வி. இருப்பவரின் நிலையை அவர் சம்மதமின்றி வெளியிடுவதை 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் தடை செய்கிறது.

ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் போட்டிருக்கிறீர்களா என்று இன்றே பாருங்கள். ஊசிக்கு மூடி போடாதீர்கள். என்னோடு வேலை பார்த்த ஒரு தோழி மூடி போடும்போதுதான் குத்திக்கொண்டாள். ஊசி வெள்ளை நிறக் குத்துப்படாத டப்பாவுக்கு, ட்ரிப்ஸ் செட் சிவப்புப் பைக்கு, ரத்தப் பஞ்சு மஞ்சள் பைக்கு. குத்திவிட்டால் பிதுக்காமல் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு கழுவி, உடனே சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 2 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரத்துக்குப் பிறகு பயனில்லை. 28 நாள் சாப்பிட வேண்டும். அந்தத் தோழிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த 28 நாளும் அவள் அந்த நோயாளியிடம் முகம் கொடுத்துப் பேசினாள். அதை இன்றும் வியக்கிறேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது

வென்ஃப்ளானை எடுத்து, இரண்டு மூன்று நிமிடம் நீங்களே அழுத்திப் பிடியுங்கள். அந்த நேரத்தில் பேச வேண்டியது நிறைய இருக்கிறது. ஹெபடைடிஸ் சி இருந்தால், 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் மாத்திரை இலவசம். பெரும்பாலானோருக்கு 12 வாரத்தில் முடிந்துவிடும். எச்.ஐ.வி. சோதனைக்கு நம்பிக்கை மையம் இருக்கிறது. பழக்கத்துக்குச் சிகிச்சை வேண்டும் என்றால் ஜிப்மர் மனநலத் துறை, தமிழக அரசு மருத்துவமனைகளில் 2025இல் தொடங்கிய 'கலங்கரை' மையங்கள், தொலைபேசியில் 14446. போலீசுக்குப் பயந்து சிகிச்சைக்கு வராதவர் நிறையப் பேர். சிறிய அளவோடு அல்லது உட்கொண்டதற்காகப் பிடிபட்டவர் தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை பெற்றால், போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு வழக்கிலிருந்து காக்க இடம் தருகிறது என்பதைச் சொல்லுங்கள். சில நாள் எடுக்காமல் இருந்துவிட்டுப் பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடும் என்பதையும் கூசாமல் சொல்லுங்கள்.

சிகிச்சை முடியும் முன்பே போகிறேன் என்று நிற்கிறவரிடமும் சண்டை வேண்டாம். குழாயை எடுத்துவிடுங்கள். டாக்டரிடம் மாத்திரை எழுதி வாங்கிக் கையில் கொடுங்கள். எந்தக் கிழமை ஓ.பி., எத்தனை மணிக்கு என்று சீட்டின் பின்பக்கம் பெரிய எழுத்தில் எழுதி, கீழே உங்கள் பெயரையும் எழுதுங்கள். திரும்பி வரும்போது அவர் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கேட்பார்.